வெஸ் மாண்ட்கோமரி: கட்டைவிரலும் கடிகாரமும்

ஜாஸ் கிட்டாரைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் வெஸ் மாண்ட்கோமரியை இரண்டு ஆளாக்கிவிடுவார்கள். 1959 முதல் 1963 வரை ரிவர்சைட் என்ற ரெக்கார்டு நிறுவனத்துக்காக நாலைந்து பேர் கொண்ட குழுவோடு வாசித்தவர் மேதை. அதற்குப் பிறகு வெர்வ், ஏ அண்ட் எம் நிறுவனங்களுக்குப் போய், வயலின் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து பாப் பாட்டுகளை வாசித்தவர் விலைபோனவர். இந்தத் தீர்ப்பு அவர் உயிரோடு இருந்தபோதே எழுதப்பட்டது. இன்றும் அப்படியே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

அந்த இசைத்தட்டுகளை வருஷக்கணக்காகக் கேட்டுவருகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் பாதிதான் சம்மதம். பின்னாள் ஆல்பங்களில் பல வாசிப்பாகப் பார்த்தால் மெலிந்தவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவற்றிலும் கை அதே கைதான். தொனியும் தாளப் பிடியும் துளிகூடக் குறையவில்லை. குறைந்தது அந்தக் கைக்குக் கொடுக்கப்பட்ட நேரம். மாண்ட்கோமரியின் சோலோ, அதாவது குழுவின் நடுவே அவர் தனித்து மனோதர்மமாக வாசிக்கும் பகுதி, ஒவ்வொரு மாடியாக எழும்பும் கட்டிடம். அது எழும்ப ஐந்து நிமிஷமாவது வேண்டும். இரண்டரை நிமிஷத்தில் முதல் மாடிகூட முடியாது. இதைப் புரிந்துகொள்ள, அவர் எப்படி வாசித்தார், அந்த வாசிப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஜான் லெஸ்லி மாண்ட்கோமரி 1923 மார்ச் 6-ம் தேதி இண்டியானா மாநிலத்தின் இண்டியனாபொலிஸில் பிறந்தார். அண்ணன் மாங்க் பேஸ் வாசித்தவர். ஜாஸில் எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாரை முதன்முதலாகக் கையில் எடுத்தவர்களில் ஒருவர். தம்பி பட்டி பியானோவும், உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனும் வாசிப்பார். அந்த ஊரில் இண்டியானா அவென்யூ என்று ஒரு தெரு. கறுப்பின மக்களின் கடைகள், கிளப்புகள், திரையரங்குகள் எல்லாம் அங்கேதான். டிராம்போன் கலைஞர் ஜே.ஜே. ஜான்சன், டிரம்பெட் கலைஞர் ஃப்ரெடி ஹப்பர்ட் போன்றவர்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள். நியூயார்க்குக்குப் போனால்தான் ஜாஸ் என்று நினைக்கிற நமக்கு, அமெரிக்காவின் நடுவில் ஒரு தொழில் நகரத்தில் இவ்வளவு பேர் உருவானது வியப்பாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு பெரிய ஊரிலும் இப்படி ஒரு தெரு இருந்தது. அங்கே விடியவிடிய வாசித்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு ரெக்கார்டுகூடச் செய்யாமலேயே வாழ்ந்து முடித்தார்கள். மாண்ட்கோமரியும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கக்கூடியவர்தான்.

சின்ன வயதில் அண்ணன் வாங்கிக்கொடுத்த நாலு கம்பி டெனர் கிட்டாரில்தான் தொடக்கம். ஆறு கம்பி கிட்டாரைக் கையில் எடுத்தபோது ஏறக்குறைய இருபது வயது, கல்யாணமும் ஆகிவிட்டது. காரணம் ஒரு ரெக்கார்டு: பென்னி குட்மன் குழுவுடன் சார்லி கிறிஸ்டியன் 1941-ல் வாசித்த 'சோலோ ஃப்ளைட்'. எலெக்ட்ரிக் கிட்டாரும் சாக்ஸஃபோனைப்போல் நீண்ட வரிகளைப் பாட முடியும் என்று உலகுக்குக் காட்டிய கிறிஸ்டியன், 25 வயதில் 1942-ல் இறந்துபோனவர். அவருடைய ரெக்கார்டுகளைத் தேயத்தேயப் போட்டுக் கேட்டு, சோலோக்களை ஒரு ஸ்வரம் விடாமல் காதாலேயே பிடித்துக்கொண்டார் மாண்ட்கோமரி. ஊரில் ஒரு கிளப்பில் வேலை கிடைத்தது. கிறிஸ்டியனின் சோலோக்களை வாசிப்பார், முடிந்ததும் மேடையைவிட்டு இறங்கிவிடுவார். அப்போது கையிருப்பு அவ்வளவுதான். நோட்டு, அதாவது எழுதிவைத்த இசைக்குறிப்பு, படிக்க அவர் கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை.

அந்தக் காலத்திலேயேதான் கட்டைவிரல் வந்தது. ஆம்பிளிஃபயரைப் போட்டுக்கொண்டு இரவில் பழகினால் வீட்டாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் தொந்தரவு. கம்பியை மீட்டும் சின்னத் தகடான பிக்கைக் கீழே வைத்துவிட்டு வெறும் கட்டைவிரலால் மீட்டிப் பார்த்தார். சத்தம் அடங்கியது, தொனியும் பிடித்துப்போனது. பிறகு பிக்கைத் திரும்ப எடுக்கவில்லை. மற்ற விரல்களைக் கிட்டாரின் முகப்பில் ஊன்றிக்கொண்டு, கட்டைவிரலின் சதைப்பகுதியால் கம்பியைத் தள்ளுவார். பிக் கம்பியில் படும்போது ஒரு 'டிக்' முதலில் கேட்கும், ஸ்வரம் அதன் பின்னால் வரும். சதை படும்போது அந்த 'டிக்' கிடையாது. ஸ்வரம் தொடங்கும்போதே உருண்டு திரண்டு வரும். கிப்சன் எல்-5 கிட்டார், கனமான கம்பிகள், இந்த விரல் மூன்றும் சேர்ந்தால் வருவதுதான் மாண்ட்கோமரியின் தொனி. இரண்டு ஸ்வரம் கேட்டாலே ஆளைச் சொல்லிவிடலாம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பிக்கால் மேலும் கீழும் மாற்றி மாற்றி அடித்தால் வேகம் எளிது. இவரோ தனி வரிகளைப் பெரும்பாலும் கீழ்நோக்கிய அடியாலேயே வாசித்தார். அந்த வேகத்தில் அது முடியாத காரியம் என்று இன்றைய ஆசிரியர்களே சொல்லுவார்கள். ஆனால் எல்லா ஸ்வரமும் ஒரே திசையிலிருந்து விழுவதால்தான் அவருடைய வரிகளில் அந்த நிதானமான கனம் இருக்கிறது. தாளத்தின்மேல் ஒவ்வொரு ஸ்வரமும் அழுந்த உட்காருகிறது. மேலடியை அவர் ஆக்டேவ், கார்டு (பல ஸ்வரங்களை ஒன்றாகச் சேர்த்து ஒலிப்பது) வாசிக்கும்போதுதான் சேர்த்துக்கொண்டார்.

ஆக்டேவ் என்றால் ஒரே ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் சேர்த்து ஒலிப்பது. கிட்டாரில் இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஆள்காட்டி விரல் ஐந்தாவது கம்பியில் ஒரு ஸ்வரத்தை அழுத்துகிறது. நாலாவது கம்பியை விட்டுவிட்டு, மூன்றாவது கம்பியில் இரண்டு ஃப்ரெட் (கிட்டாரின் கழுத்தில் உள்ள கட்டம்) தள்ளிச் சுண்டுவிரல் அழுத்துகிறது. நடுவில் உள்ள நாலாவது கம்பி ஒலிக்கக்கூடாது; அதை ஆள்காட்டி விரலின் அடிப்பக்கமே லேசாகத் தொட்டு ஊமையாக்க வேண்டும். வலது கட்டைவிரல் மூன்று கம்பிகளையும் ஒரே தள்ளில் கடந்துபோகும், ஆனால் கேட்பது இரண்டுதான். மேல் கம்பிகளுக்குப் போனால் இடைவெளி இரண்டு ஃப்ரெட்டிலிருந்து மூன்றாக மாறிவிடும். கிட்டாரின் சுருதி அமைப்பு அப்படி. ஆகவே ஒரு வரி கீழிருந்து மேலே ஏறும்போது இடது கையின் விரிவு பாதி வழியில் மாறவேண்டும், நடுக்கம்பியின் ஊமைத்தனமும் கெடக்கூடாது. இதைத்தான் அவர் மற்றவர்கள் தனி ஸ்வரம் வாசிக்கும் வேகத்தில் வாசித்தார். கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் இவருக்கு முன்பே ஆக்டேவ் வாசித்தவர்; ஆனால் அவரிடம் அது இடையிடையே தெளிக்கும் அழகு. ஒரு சோலோவின் பெரும்பகுதியையே ஆக்டேவில் யோசித்து, மனோதர்மமாகக் கட்டியது மாண்ட்கோமரி. தொடக்கத்தில் அதைப் பழகும்போது தலைவலியே வந்துவிடும் என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

1948-ல் வைப்ரஃபோன் கலைஞர் லயனல் ஹாம்ப்டனின் பெரிய குழுவில் சேர்ந்து இரண்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார். அந்த ரெக்கார்டுகளில் இவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். விமானத்தில் ஏற அவருக்குப் பயம். எத்தனை தூரமானாலும் காரில்தான் போவார். வீட்டுப் பிரிவு தாங்காமல் 1950-ல் இண்டியனாபொலிஸுக்கே திரும்பினார்.

அடுத்த ஒன்பது வருஷங்கள் அவர் உள்ளூர்க்காரர். பிள்ளைகள் நிறைந்த வீடு. காலை 7 மணிக்குத் தொழிற்சாலை வேலை, பிற்பகல் 3 மணிவரை. இரவு டர்ஃப் பார் என்ற இடத்தில் நள்ளிரவு தாண்டி வாசிப்பு. அது முடிந்ததும் மிசைல் ரூம் என்ற, விடியும்வரை திறந்திருக்கும் கிளப்பில் இன்னொரு வாசிப்பு. பிறகு மறுபடி தொழிற்சாலை. இதைப் படிக்கும்போது நமக்கு ஒரு வீரக்கதைபோலத் தோன்றலாம். எனக்கு இதில் வீரம் தெரியவில்லை. உலகத்தின் தலைசிறந்த கிட்டார் கலைஞர் ஒருவர் முப்பது வயதைக் கடந்தும் குடும்பம் நடத்த இரண்டு இரவு வேலையும் ஒரு பகல் வேலையும் பார்க்க வேண்டியிருந்தது என்பது ஓர் அநியாயம். பின்னாளில் பாப் பாட்டுகளை வாசிக்கச் சொன்னபோது அவர் ஏன் மறுக்கவில்லை என்று கேட்பவர்கள் இந்த நேர அட்டவணையை மறந்துவிடுகிறார்கள்.

அதே சமயம், அந்தக் கிளப்புகளில்தான் அவருடைய சோலோவின் வடிவம் முதிர்ந்தது. இரவு முழுக்க வாசிக்கிறவனுக்கு அவசரம் கிடையாது. முதலில் தனி வரிகள். ஒரு சின்னக் கருத்தை எடுத்து, கேள்வியும் பதிலுமாக வளர்ப்பார். அடுத்து அதே கருத்து ஆக்டேவுக்கு மாறும். சத்தம் கூடாமலேயே கனம் கூடும். கடைசியில் முழு கார்டுகள். ஒரு பெரிய குழுவின் சாக்ஸஃபோன் வரிசை முழுக்க எழுந்து நின்று வாசிப்பதுபோல் கார்டு கார்டாக ஒரு மெட்டையே நகர்த்துவார். தனி வரி, ஆக்டேவ், கார்டு. இந்த ஏறுவரிசையை அவரே எல்லா இடத்திலும் சட்டமாகப் பின்பற்றவில்லை. ஆனால் அவருடைய உயர்ந்த சோலோக்கள் பெரும்பாலும் இந்தப் பாதையில்தான் போகின்றன.

சகோதரர்களோடு சேர்ந்து பசிபிக் ஜாஸ் நிறுவனத்துக்காக 1957-58-ல் சில பதிவுகள் செய்தார். அவற்றில் ஒன்றில் இளைஞர் ஃப்ரெடி ஹப்பர்ட்டும் இருக்கிறார். அவை பெரிதாகக் கவனம் பெறவில்லை. 1959-ல் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடந்தன. இசையமைப்பாளரும் விமர்சகருமான குந்தர் ஷுல்லர், 'த ஜாஸ் ரிவ்யூ' இதழில் இண்டியனாபொலிஸின் இசைக்கலைஞர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இவரை வியந்து புகழ்ந்தார். அதே சமயத்தில் அந்த ஊருக்கு வந்த சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் அடர்லி, மிசைல் ரூமில் இவரைக் கேட்டுவிட்டு, தன் தயாரிப்பாளரான ரிவர்சைடின் ஓரின் கீப்நியூஸைப் பிடித்து, இந்த ஆளை உடனே ஒப்பந்தம் செய் என்று நச்சரித்தார். கீப்நியூஸ் நேரில் போய்க் கேட்டார், கையெழுத்து வாங்கினார். 1959 அக்டோபர் 5, 6 தேதிகளில் நியூயார்க்கில் முதல் பதிவு. உடன் ஊர் நண்பர்களான மெல்வின் ரைன் ஆர்கன், பால் பார்க்கர் டிரம்ஸ். அதில் 'மிசைல் ப்ளூஸ்' என்று ஒரு பாட்டு. பெயரைப் பார்த்து ராக்கெட் என்று நினைக்க வேண்டாம், அந்த விடியற்காலைக் கிளப்தான். அப்போது மாண்ட்கோமரிக்கு வயது 36. இனி அவருக்கு மிச்சம் இருந்தது ஒன்பது வருஷத்துக்கும் குறைவு; நாம் இன்று அவரை அறிவது பெரும்பாலும் அந்தக் காலத்துப் பதிவுகளால்தான்.

மூன்று மாதம் கழித்து, 1960 ஜனவரி 26, 28 தேதிகளில் பதிவானது 'தி இன்கிரெடிபிள் ஜாஸ் கிட்டார் ஆஃப் வெஸ் மாண்ட்கோமரி'. பியானோவில் டாமி ஃப்ளானகன், பேஸில் பெர்சி ஹீத், டிரம்ஸில் பெர்சியின் தம்பி ஆல்பர்ட் ஹீத். எட்டுப் பாட்டில் நாலு மாண்ட்கோமரி எழுதியவை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் பின்னாளில் இந்த ஆல்பத்தைச் சேர்த்தது.

இதில் 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் பாட்டு வடிவம் வழக்கமாக நாலு எண்ணிக்கையில் நடக்கும். இது மூன்றில் ஊஞ்சலாடுகிறது. மெட்டு எளிமையானது, ஒரு தடவை கேட்டால் முணுமுணுக்கலாம். ஆனால் அதன் அடியில் கார்டுகள் வழக்கமான ப்ளூஸைவிட அடிக்கடி இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. சோலோ தொடங்கும்போது அவர் அந்த மாற்றங்களுக்கு நடுவே அவசரமில்லாமல் தனி வரியில் நடக்கிறார். ஒரு வரியை எடுக்கிறார், நிறுத்துகிறார், அதையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறார். கேட்கிறவருக்கு வழி பழகிவிட்டது என்று தெரிந்ததும் ஆக்டேவுக்குள் நுழைகிறார். இங்கே கவனிக்கவேண்டியது: ஆக்டேவ் வந்ததும் ஸ்வரங்களின் எண்ணிக்கையைக் குறைத்துத் தாள விளையாட்டைக் கூட்டுகிறார். கார்டுகளுக்கு வரும்போது தாளமே மெட்டாகிவிடுகிறது. ஃப்ளானகனும் ஹீத் சகோதரர்களும் அவரோடு சேர்ந்து எழும்புகிறார்கள். ஏழு நிமிஷத்துக்கு மேல் ஓடும் பதிவு இது. இதில் எந்த நிமிஷத்தை வெட்டினாலும் அடுத்த நிமிஷத்துக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

ரிவர்சைடில் அடுத்த மூன்று நாலு வருஷம் ஆல்பம்மேல் ஆல்பம். எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். வைப்ரஃபோன் மேதை மில்ட் ஜாக்சனோடு செய்ததில் இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை காட்டிக்கொண்டே நேரம் போய்விடுகிறது. ரைனின் ஆர்கனோடு செய்த 1963 பதிவுகள் அப்படி இல்லை. பழைய ஊர்க் கிளப்பின் சுகம் அவற்றில் இருக்கிறது. உச்சம் எதுவென்றால் 1962 ஜூன் 25-ம் தேதி கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ட்சூபோ என்ற சின்னக் காப்பிக்கடையில் மேடைப்பதிவாக எடுத்த 'ஃபுல் ஹவுஸ்'. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் அப்போது வாசித்துக்கொண்டிருந்த விண்டன் கெல்லி (பியானோ), பால் சேம்பர்ஸ் (பேஸ்), ஜிம்மி காப் (டிரம்ஸ்) மூவரும், டெனர் சாக்ஸஃபோனில் ஜானி கிரிஃபினும் உடன். கிரிஃபின் புயல் வேகக்காரர். அவருக்குப் பின்னால் சோலோ எடுக்க யாருக்கும் தயக்கம் வரும். மாண்ட்கோமரி வேகத்துக்கு வேகம் போடவில்லை. கிரிஃபின் நிறுத்திய இடத்தில் மெதுவாகத் தொடங்கி, தன் ஏணியில் தானே ஏறி, முடிவில் கிரிஃபினை எட்டிப்பிடிக்கிறார்.

1961-ல் சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் குழுவோடு சில நாள் வாசித்தார். அந்தச் செப்டம்பரில் மாண்டரே ஜாஸ் விழாவிலும் கோல்ட்ரேன், எரிக் டால்ஃபியோடு மேடையேறினார். முழுநேரமாகச் சேரவில்லை. அந்தச் சேர்க்கையின் ஆல்பம் எதுவும் வெளிவந்ததில்லை. ஜாஸ் ரசிகர்கள் இதை நினைத்துப் பெருமூச்சு விடுவதில் நியாயம் இருக்கிறது.

கீப்நியூஸ் ஒரு விஷயத்தைப் பதிவுசெய்திருக்கிறார்: எவ்வளவு நன்றாக வாசித்தாலும் இவருக்குத் திருப்தி வராது, இன்னொரு தடவை எடுக்கலாமா என்றே கேட்பார். ஊர் முழுக்கப் புகழ்ந்தபிறகும் மாறாத குணம் இது. காதை மட்டுமே நம்பிக் கற்றவர்களுக்கு அந்தக் காதே கடைசிவரை கண்டிப்பான வாத்தியாராக இருந்துவிடுகிறது.

1963 டிசம்பரில் ரிவர்சைடின் பங்காளி பில் கிராவர் இறந்தார்; 1964-ல் நிறுவனம் திவாலானது. மாண்ட்கோமரி வெர்வுக்குப் போனார். அங்கே தயாரிப்பாளர் கிரீட் டெய்லர். ஸ்டான் கெட்ஸ், ஜோவாவ் ஜில்பெர்ட்டோ இருவரையும் சேர்த்து போஸா நோவா என்ற பிரேசில் இசையை உலகெங்கும் கொண்டுபோனவர் அவர். டெய்லரின் கணக்கு எளிது: இந்தக் கிட்டார் தொனி ஜாஸ் தெரியாதவர்களுக்கும் பிடிக்கும், அவர்களுக்குத் தெரிந்த பாட்டை, ரேடியோ போடக்கூடிய நீளத்தில், பெரிய வாத்தியக்குழுவோடு கொடுத்தால் போதும்.

ஸ்ட்ரிங்ஸ், அதாவது வயலின் கூட்டம், வைத்தது டெய்லரின் பாவம் என்று சொல்வதுண்டு, அது சரியில்லை. ரிவர்சைடே 1963-ல் 'ஃப்யூஷன்' என்ற ஆல்பத்தில் இவரை வயலின்களோடு வாசிக்க வைத்துவிட்டது. டெய்லரின் காலத்திலும் நல்ல காரியங்கள் நடந்தன. 1965-ல் வந்த 'பம்ப்பின்' ஆல்பத்தின்போது, நோட்டு படிக்காத மாண்ட்கோமரி பெரிய வாத்தியக்குழுவின் நடுவில் சங்கடப்பட்டார். வாத்தியக்குழுவுக்கு இசை எழுதும் அரேஞ்சர் டான் செபெஸ்கி ஒரு வழி கண்டுபிடித்தார்: முதலில் சின்னக் குழுவோடு இவர் இஷ்டப்படி வாசிக்கட்டும், அதைக் கேட்டு அதைச் சுற்றி ஸ்ட்ரிங்ஸ் எழுதிக்கொள்கிறேன் என்றார். அதன் தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். வயலின்கள் வழிவிட்டு நிற்கின்றன, கிட்டார் மூச்சுவிடுகிறது. ஏழு நிமிஷத்துக்கு நெருங்கிய பாட்டு அது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த 1965-ம் வருஷம்தான் அவருடைய உச்ச வருஷம் என்பேன். விமானப் பயத்தை விழுங்கிக்கொண்டு ஐரோப்பாவுக்கு ஒரு சுற்றுப்பயணம் போனார். பி.பி.சி.யின் 'ஜாஸ் 625' நிகழ்ச்சியில் அந்தக் கட்டைவிரலை அருகில் காட்டியிருக்கிறார்கள். கிட்டார் பழகுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். எனக்கு அதைவிடப் பிடித்தது டச்சுத் தொலைக்காட்சிக்காகப் பியானோ கலைஞர் பிம் யாக்கப்ஸின் மூவர் குழுவோடு ஒத்திகை பார்க்கும் காட்சி. கையில் காகிதம் கிடையாது. எந்தக் கார்டுக்குப் பின் எந்தக் கார்டு என்று வாயால் சொல்லிக்கொண்டே, கிட்டாரில் தொட்டுக்காட்டிக்கொண்டே, சிரித்த முகமாக அவர்களை வழிநடத்துகிறார். நோட்டு படிக்கத் தெரியாதவர் என்ற பேச்சை வைத்துக்கொண்டு, இவருக்கு இசையிலக்கணம் தெரியாது, எல்லாம் பிறவி ஞானம் என்று சொல்கிறவர்கள் இதைப் பார்க்கட்டும்.

அந்தக் கோடையில் நியூயார்க்கின் ஹாஃப் நோட் கிளப்பில் விண்டன் கெல்லியின் மூவர் குழுவோடு வாசித்ததுதான் 'ஸ்மோக்கின் அட் த ஹாஃப் நோட்'. உண்மையில் அந்த இசைத்தட்டின் முதல் பக்கம் மட்டுமே கிளப்பில் எடுத்தது. இரண்டாம் பக்கத்தைச் செப்டம்பரில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் மறுபடி எடுத்தார்கள். முதல் பக்கத்தில் இரண்டே பாட்டு. 'நோ ப்ளூஸ்' பன்னிரண்டு நிமிஷம் தாண்டிப் போகிறது. கெல்லியும் சேம்பர்ஸும் காபும் வழியில் விலகி நின்று, கிட்டாரைத் தனியாக விட்டுப் பார்க்கும் இடங்கள் அதில் உண்டு. தாளம் ஒரு மயிரிழை அசையவில்லை. அடுத்தது டாட் டாமரனின் மெதுவான பாட்டு, 'இஃப் யூ குட் சீ மீ நவ்'. அந்தச் சோலோவில் ப்ளூஸின் ஏக்கமும், நடையை இரட்டித்து ஓடும் தனி வரிகளும், கனத்த கார்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. அழகு காட்டுவதற்கென்று ஒரு ஸ்வரம்கூட இல்லை. பின்னாள் கிட்டார் கலைஞர் பாட் மெத்தனி இந்த ஆல்பத்தையே ஜாஸ் கிட்டாரின் தலைசிறந்த ஆல்பம் என்று சொல்லியிருக்கிறார். மறுத்துப் பேச என்னிடம் வேறு ஆல்பம் இல்லை.

அந்த வருஷக் கடைசியில், அதே கை, ஆலிவர் நெல்சனின் பெரிய குழுவோடு 'கோயின் அவுட் ஆஃப் மை ஹெட்' பாட்டைப் பதிவுசெய்தது. லிட்டில் ஆண்டனி குழுவின் பிரபலப் பாட்டு. இரண்டரை நிமிஷம்கூட ஓடாது. மெட்டை ஆக்டேவில் வாசிக்கிறார், குழு எழும்புகிறது, மறுபடி மெட்டு, முடிந்தது. அதற்குக் கிராமி விருது கிடைத்தது. விற்பனையும் அதுவரை காணாதது. இங்கேதான் நான் சொல்லவந்தது தெளிவாகத் தெரியும். அந்த மெட்டை அவர் வாசிக்கும் விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது; ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னும் பின்னும் அவர் விடும் இடம், அந்த உருண்ட தொனி எல்லாம் முழுசாக இருக்கிறது. ஆனால் ஆக்டேவ் என்பது ஹாஃப் நோட்டில் ஏணியின் நடுப்படி. இங்கே அதுவே முதல்படியும் கடைசிப்படியும் ஆகிவிட்டது. கேட்கிறவருக்கு அந்தத் தொனி கிடைத்தது. அந்தத் தொனி எதற்காகச் சேமித்துவைக்கப்பட்டதோ அந்தப் பயணம் கிடைக்கவில்லை.

1967-ல் டெய்லர் ஏ அண்ட் எம் நிறுவனத்துக்குப் போனபோது மாண்ட்கோமரியையும் அழைத்துக்கொண்டார். 'எ டே இன் த லைஃப்' ஆல்பத்தில் பீட்டில்ஸ் பாட்டுகள், செபெஸ்கியின் ஸ்ட்ரிங்ஸ், பின்னணியில் பியானோவில் ஹெர்பி ஹான்காக்கும் பேஸில் ரான் கார்ட்டரும். அந்தக் காலத்தில் மிக அதிகம் விற்ற ஜாஸ் ஆல்பங்களில் அது ஒன்று. ஹான்காக்கையும் கார்ட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்களை இவ்வளவு அடக்கி வாசிக்கவைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. மாண்ட்கோமரியின் பதில் நேர்மையானது: தான் இப்போது வாசிப்பது பாப் இசை, அதில் ஜாஸ் அணுகுமுறை இருக்கிறது, பாப் இசை என்றே அதை மதிப்பிட வேண்டும் என்றார். தொழிற்சாலைக்கும் இரண்டு கிளப்புகளுக்கும் நடுவே ஓடியவர், நாற்பதைத் தாண்டியபிறகுதான் வீட்டைப் பற்றிக் கவலையில்லாமல் இருந்தார். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மனத்தாங்கல் டெய்லரின் கத்தரிக்கோலோடுதான்: வருஷத்துக்கு இரண்டு பாப் ஆல்பம் எடுத்தவர்கள், ஹாஃப் நோட் மாதிரி ஒன்றையும் கூடவே எடுத்து வைத்திருக்கலாமே.

1968 மே மாதம் 'ரோட் சாங்' ஆல்பத்தைப் பதிவுசெய்தார். ஜூன் 15-ம் தேதி இண்டியனாபொலிஸில் தன் வீட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 45.

இறந்தபிறகு நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹாஃப் நோட் கிளப்பில் எடுத்த மீதிப் பதிவுகள் வெர்வின் கையில் இருந்தன. அவற்றை 'வில்லோ வீப் ஃபார் மீ' என்ற பெயரில் வெளியிட்டபோது, சில பாட்டுகளின்மேல் கிளாஸ் ஓகர்மனைக் கொண்டு ஊதுவாத்தியங்களை எழுதவைத்து ஒட்டினார்கள். நாலே பேர் கிளப்பில் வாசித்த இசையின்மேல், அந்த இரவில் அங்கே இல்லாத ஒரு குழு! அதற்கும் கிராமி விருது கிடைத்தது. ஒட்டு நீக்கிய மூலப் பதிவுகள் முழுசாகக் கிடைக்கப் பல வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவருக்குப் பின் வந்த கிட்டார்காரர்களில் இவருடைய வாடை இல்லாதவர் குறைவு. டெய்லர் அடுத்து ஏ அண்ட் எம்முக்கு அழைத்துவந்தது ஜார்ஜ் பென்சனை. அவர் ஆக்டேவின் நடுவே இன்னொரு ஸ்வரத்தையும் சேர்த்துத் தன் வழியாக்கிக்கொண்டார். பாட் மார்ட்டினோ இவர் நினைவாகவே 1972-ல் ஓர் ஆல்பம் செய்தார். தன் உடம்புக்குள் கட்டைவிரல் பெருத்த ஒரு வெஸ் மாண்ட்கோமரி இருப்பதாகச் சொன்னவர் எமிலி ரெம்லர். பெண் கிட்டார் கலைஞர்களே அரிதாக இருந்த ஜாஸ் உலகில் இவருடைய தாள நுணுக்கத்தை ஊன்றிப் படித்தவர். மெத்தனி 13 வயதில் கேன்சஸ் சிட்டியில் இவரிடம் ஆட்டோகிராஃப் வாங்கினார்; அது இவர் இறந்த வருஷம். மறுபக்கம், எண்பதுகளுக்குப் பிறகு அமெரிக்க ரேடியோக்களில் ஓடிய 'ஸ்மூத் ஜாஸ்' முழுக்க அந்த ஏ அண்ட் எம் ஆல்பங்களின் வாரிசு. ஆக்டேவில் ஒரு மெட்டு, பின்னால் பஞ்சுமெத்தை. தொனியை எடுத்துக்கொண்டார்கள், தாளப் பிடியை விட்டுவிட்டார்கள்.

2012-லிருந்து ரெசனன்ஸ் நிறுவனம் பழைய நாடாக்களைத் தேடி வெளியிட்டு வருகிறது. 'எக்கோஸ் ஆஃப் இண்டியானா அவென்யூ' வந்தபோதுதான் ரிவர்சைடுக்கு முந்தைய உள்ளூர் மாண்ட்கோமரி முதல்முறையாக நன்றாகக் கேட்கக் கிடைத்தார். தொழிற்சாலை வேலை பார்த்த காலத்திலேயே எல்லாம் அங்கே இருக்கிறது. 2023-ல் வந்த 'மேக்சிமம் ஸ்விங்', ஹாஃப் நோட்டின் 1965 வானொலி ஒலிபரப்புகளைச் சேர்த்துத் தருகிறது. ஒலித்தரம் சுமார்தான், வாசிப்போ ரெக்கார்டு வந்ததைவிடத் துணிச்சல்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு: முதலில் 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்', அதில் ஆக்டேவ் எந்த இடத்தில் நுழைகிறது என்று மட்டும் காதைத் தீட்டி வையுங்கள். அடுத்து 'நோ ப்ளூஸ்' முழுசாக, வேறு வேலை செய்யாமல். அதற்குப் பிறகு 'கோயின் அவுட் ஆஃப் மை ஹெட்' கேளுங்கள். இந்த வரிசையில் கேட்டால் அந்த இரண்டரை நிமிஷத்திலும் அவர் யார் என்பது கேட்கும்.